கன்னி இன நாய் ஈன்ற குட்டிகள்: முதல் வாரங்களில் எதை முதலில் கவனிப்பது?

தோவாளைப் பூக்கடை | ஈன்ற மூன்றாம் நாள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி இருக்கிறது. கழுகுமலைப் பக்கத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கி வந்த, கன்னி என்னும் வேட்டை நாய் இனத்துப் பெட்டை ஒன்று எங்களிடம் உள்ளது. கறுத்த உடல், பழுப்புக் கால்கள், கண்களுக்கு மேல் இரண்டு பொட்டுகள் என்று இனத்தின் அடையாளம் குறையாதவள். இது அவளுடைய முதல் பேறு. இனச்சேர்க்கைக்குப் பின் 62ஆம் நாள் இரவில் ஏழு குட்டிகளை ஈன்றாள். மறுநாள் விடிகாலையில் ஒரு குட்டி படுக்கையின் ஓரத்தில் விறைத்துக் கிடந்தது. ஆடிக்காற்று அன்று இரவு முழுவதும் கதவிடுக்கில் இரைந்துகொண்டிருந்ததை நான் கேட்டேன். கேட்டும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை என்பது என்னை இன்றுவரை வருத்துகிறது.

மீதம் ஆறு உள்ளன. பூ நிறுக்கும் மின்னணுத் தராசில் பிறந்த அன்றே எல்லாவற்றையும் நிறுத்தேன். ஐந்து குட்டிகள் 295 முதல் 340 கிராம் வரை இருந்தன. கடைக்குட்டி மட்டும் 210 கிராம். இன்று அது 196 கிராம்தான் இருக்கிறது. தாய் அதை மூக்கால் ஒதுக்கி ஒதுக்கி விடுகிறாள். தொட்டால் மற்ற குட்டிகளைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. பசும்பாலைக் காய்ச்சி ஆற்றிக் கரண்டியால் புகட்டினேன்; பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது. தாய் ஒதுக்கியதைத் தொடாதே என்று என் தகப்பனார் சொல்கிறார். தொடலாமா, தொடுவதென்றால் எதிலிருந்து தொடங்குவது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

கால்நடை மருத்துவர், நாகர்கோவில் (பணி ஓய்வு) | அதே நாள் இரவு

தம்பி, பாலை உடனே நிறுத்துங்கள். முதலில் சூடு, பிறகுதான் பால். இந்த வரிசை மாறினால் குட்டி பிழைக்காது.

பிறந்த நாய்க்குட்டிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் ஏறத்தாழ முதல் இரண்டு வாரங்களுக்கு இல்லை. முதல் வாரத்தில் அதற்கு நடுங்கவும் தெரியாது. நடுங்காமலேயே குளிர்ந்து போகும். வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும்போது, முதல் வாரக் குட்டிக்கு 35 முதல் 37 வரையே இயல்பு. அது 35க்குக் கீழே இறங்கினால் குடல் இயங்குவது தளர்ந்துவிடும். அந்த நிலையில் உள்ளே போகும் பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், வயிறு உப்பும், குட்டி மூச்சுத் திணறும். தாய் ஒதுக்கியதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். குளிர்ந்த குட்டியைத் தாய் நாய் தன்னுடையதாக ஏற்பதில்லை. சூடேறிய பிறகு அதே குட்டியை அவள் நக்கி அணைத்துக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் தகப்பனார் கண்டது உண்மையான காட்சிதான்; அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியல்ல.

சூடேற்றுவதை மெதுவாகச் செய்யுங்கள். சட்டைக்குள், உங்கள் மார்புத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்வதே மிகப் பாதுகாப்பான வழி. இரண்டு, மூன்று மணி நேரம் ஆகட்டும். வெந்நீர்ப் புட்டியை நேரடியாக உடலோடு வைத்தால் மேல்தோல் வெந்துபோகும், உள்ளே குளிர் அப்படியே இருக்கும். வெப்பமானியின் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 35ஐத் தாண்டிய பிறகு குளுக்கோஸ் நீரில் சில துளிகளை ஈறில் தடவலாம். அதற்குப் பிறகே பால்.

நாய்ப்பாலில் பசும்பாலைப்போல் ஏறத்தாழ இருமடங்கு புரதமும் கொழுப்பும் உண்டு, பால்சர்க்கரை குறைவு. வெறும் பசும்பால் குட்டிக்குக் கழிச்சலைத்தான் கொடுக்கும். கடைகளில் நாய்க்குட்டிகளுக்கென்றே பால்மாவு கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை ஒருநாள் ஒப்பேற்ற வேண்டுமானால், பசும்பாலிலோ ஆட்டுப்பாலிலோ முட்டை மஞ்சள்கருவை நன்றாக அடித்து வடிகட்டிக் கொடுக்கலாம்; சர்க்கரை சேர்க்கக் கூடாது. 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்கு 13 மில்லி என்பது முதல் வாரக் கணக்கு. உங்கள் குட்டிக்கு மொத்தம் 25, 26 மில்லி வரும். அதை எட்டாகப் பிரித்தால் வேளைக்கு மூன்றேகால் மில்லிதான். குட்டி குப்புறப் படுத்து, தலையைச் சற்றே தூக்கியபடி குடிக்க வேண்டும். மனிதக் குழந்தையைப்போல் மல்லாத்திக் குடிக்க வைத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். மூக்கு வழியாகப் பால் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வாயைத் திறந்து மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மூச்சில் கரகரப்பு இருந்தால் நாளைக் காலையிலேயே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

ரப்பர் தோட்டம், குலசேகரம் | நான்காம் நாள்

மருத்துவர் ஐயா சொன்ன சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் வீட்டுச் சுவரே ஈரமாக இருக்கும். பட்டி (நாயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஈன்றால் என் தகப்பனார் அதை ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் ஓர் ஓரத்தில் கொண்டு விடுவார். அங்கே இரவும் பகலும் ஒரே சூடாக இருக்கும், கொசுவும் அண்டாது. தம்பிக்கு அப்படி ஓர் இடம் இல்லையென்றாலும், அடுக்களையில் விறகடுப்பின் பக்கத்தில் வைக்கலாம் அல்லவா? கீழே விரிக்கத் தேங்காய்த் தும்பும் மரத்தூளும் நன்றாக ஈரத்தை உறிஞ்சும்.

கால்நடை மருத்துவர், நாகர்கோவில் | நான்காம் நாள்

அண்ணாச்சி, உங்கள் தகப்பனார் வெப்பத்தின் அருமையை அறிந்திருந்தார் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புகையை நான் ஏற்கமாட்டேன். குட்டியின் நுரையீரல் பிறந்த பிறகும் வளர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் நெடியும் புகையும் கலந்த காற்றை அது இருபத்துநான்கு மணி நேரமும் இழுக்கக் கூடாது. விறகடுப்பின் பக்கமும் அப்படியே. மேலும், அடுப்படியில் சூடு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும். அடுப்பு அணைந்த பின்னிரவில், சூடு மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது இருக்காது.

தும்பும் மரத்தூளும் வேண்டாம். தூசி மூக்கில் அடைக்கும். தும்பு இழை காலில் சுற்றும். சாக்கும் வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். வழவழப்பான சிமெண்டுத் தரையும் பளிங்குக் கல்லும் இன்னொரு விதத்தில் கெடுதி. பிடிமானம் இல்லாத தரையில் குட்டியின் கால்கள் பக்கவாட்டில் விரிந்து, தவளைபோல் நீந்தத் தொடங்கும். மூன்று வாரம் ஆகியும் எழுந்து நிற்காது. அடியில் செய்தித்தாளை அடுக்கி, மேலே துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டியை இறுக்கமாக மடித்துச் செருகுங்கள். தளர்வாக விட்டால் மடிப்புக்குள் குட்டி புகுந்துவிடும்.

பெட்டிக்குள் முதல் வாரத்தில் 29 முதல் 32 டிகிரி, அடுத்த இரு வாரங்களில் 26, 27 டிகிரி, நான்காம் வாரத்தில் 24 வரை இறங்கலாம். கோழிக்குஞ்சுக்குப் போடும் விளக்கை ஒரு மூலைக்கு மேல் மட்டும் தொங்கவிடுங்கள். மற்ற மூலை குளிர்ச்சியாக இருந்தால் குட்டியும் தாயும் தமக்கு வேண்டிய இடத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கத்தினால் குளிர். தனித்தனியாக விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. வரிசையாக ஒட்டிப் படுத்து உறக்கத்தில் இடையிடையே துள்ளினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். அந்தத் துள்ளலைப் பார்த்து வலிப்பு என்று பயந்து ஓடி வருபவர்கள் உண்டு. அது இயல்பானது.

தக்கலைவாசி | நான்காம் நாள்

தம்பி, நான் இரண்டு ஈற்றுக் குட்டிகளைத் தாயில்லாமல் வளர்த்தவள் என்பதால் சொல்கிறேன். மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, நீங்கள் பாலூட்டும் குட்டிக்கு ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் வயிற்றின் அடியையும் ஆசனவாயையும் மெல்லத் தடவ வேண்டும். தாய் நக்குவதால்தான் குட்டி சிறுநீரும் மலமும் கழிக்கிறது. மூன்று வாரம் வரை தானாகக் கழிக்காது. தாய் ஒதுக்கிய குட்டிக்கு அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் ஈற்றில் ஒரு குட்டியை இழந்தேன்.

இரண்டாவது, எறும்பு. நம் மாவட்டத்தில் இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பேற்று நீரின் வாடைக்கும் சிந்திய பாலுக்கும் ஓர் இரவில் சாரை சாரையாக வரும். கண் திறக்காத குட்டிக்கு நகர்ந்து தப்பத் தெரியாது. படுக்கைப் பெட்டியை நான்கு கால்கள் உள்ள பலகைமேல் வைத்து, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சிரட்டையில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். பலகை சுவரைத் தொடக் கூடாது. எறும்புப் பொடியையோ எறும்பு மருந்துச் சாக்கட்டியையோ பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதன்மேல் நடந்த தாய் காலை நக்குவாள், குட்டியையும் நக்குவாள்.

தோவாளைப் பூக்கடை | ஆறாம் நாள்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. அன்றிரவு வெப்பமானியில் 33.5 இருந்தது. மேலண்ணத்தில் பிளவு இல்லை. என் மனைவியும் நானும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டோம். மூன்று மணி நேரத்தில் 36 ஆயிற்று. குளுக்கோஸ் துளிகளைச் சப்பியது. பால்மாவு நாகர்கோவிலில் கிடைத்தது. மேற்குக் கதவை மூடி, தார்ப்பாய் கட்டி, பெட்டியைக் கிழக்குச் சுவருக்குக் கொண்டுபோய்விட்டேன். காற்று நின்றவுடன் மற்ற ஐந்தும் கத்துவதை நிறுத்திவிட்டன. கடைக்குட்டியின் எடை 196இலிருந்து 204, இன்று 211. மற்றவை 400ஐ நெருங்குகின்றன.

ஒரு கேள்வி. ஐந்தும் ஒரே நிறமாக இருப்பதால், எடை எழுதும்போது குழம்புகிறது. பூக்கட்டும் நூலைக் கழுத்தில் கட்டி அடையாளம் வைக்கலாமா?

கால்நடை மருத்துவர், நாகர்கோவில் | ஆறாம் நாள்

கழுத்தில் எதையும் கட்டாதீர்கள். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பிறந்த எடை இருமடங்காக வேண்டிய உயிர் அது. இன்று தளர்வாக இருக்கும் நூல் நாலாம் நாள் இறுக்கும். நகப்பூச்சு போதும். ஒன்றுக்கு முன்னங்கால் வலது நகம், அடுத்ததற்கு இடது நகம் என்று வையுங்கள். காய்ந்த பிறகு தாயிடம் விடுங்கள்.

நீங்கள் தராசில் எழுதி வைப்பதை இந்த இழையைப் படிக்கும் எல்லாரும் பின்பற்ற வேண்டும். நாளுக்கு ஐந்து முதல் பத்து விழுக்காடு ஏற வேண்டும். ஒருநாள் ஏறாமல் நின்றால் கவனியுங்கள். இரண்டாம் நாளும் ஏறவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். கண்ணுக்கு நோய் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாளுக்கு முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும்.

முட்டம் கடற்கரை | ஏழாம் நாள்

விளக்கை நம்பியிருக்கும் தம்பிக்கு ஓர் எச்சரிக்கை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் வீட்டில் பத்து நாள் குட்டிகள் ஐந்து இருந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து, பல நாட்கள் மின்சாரமே இல்லை. வீட்டு ஆண்கள் கடலுக்குப் போன உறவினர்களைத் தேடிக் கரைக்கும் மருத்துவமனைக்கும் அலைந்த நாட்கள் அவை. நாய்க்குட்டியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. என் தாயார்தான் தண்ணீர்ப் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி, ஒவ்வொன்றையும் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டியின் இரு ஓரங்களிலும் வைத்து, இரண்டு மணிக்கொருமுறை மாற்றிக்கொண்டே இருந்தார். ஐந்தும் பிழைத்தன. மின்சாரம் இருக்கும்போதே நான்கு புட்டிகளும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் எடுத்து வைத்துவிடுங்கள்.

கோவில்பட்டி வழி | எட்டாம் நாள்

நான் இப்போது வடசேரியில் குடியிருந்தாலும், கன்னியும் சிப்பிப்பாறையும் வளர்த்த கரிசல்காட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவன். வேட்டை நாயைப் பற்றிப் பேசும்போது எங்கள் முன்னோர் செய்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான்கு குட்டிக்கு மேல் தாயிடம் விட மாட்டார்கள். நலிந்ததை முதல் நாளே கழித்துவிடுவார்கள். பெட்டைக் குட்டிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றையும் கழித்துவிடுவார்கள். கம்பங்கூழும் கேப்பைக் கூழும் மட்டுமே இருந்த வீட்டில், ஏழு குட்டிக்குப் பால் சுரக்கத் தாய்க்கு வேண்டிய தீனி கிடையாது என்பது அவர்கள் சொன்ன நியாயம். முயலைத் துரத்தி ஓடும் நாய்க்கு நலிந்த உடம்பு ஆகாது என்பது இன்னொன்று.

அதை இன்று நியாயப்படுத்துவதற்காக நான் எழுதவில்லை. பெட்டைகளைக் கழித்ததால் நாளடைவில் ஊருக்கு இரண்டு மூன்று தாய்களே மிஞ்சி, அவற்றின் பிள்ளைகளையே ஒன்றோடொன்று சேர்க்க வேண்டிய நிலை வந்ததை நானே பார்த்தேன். ஆனாலும் தம்பியிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். ஒரு நலிந்த குட்டிக்காக இரவு முழுவதும் கண்விழிக்கும்போது, மற்ற ஐந்தையும் தாயையும் அதே கவனத்தோடு பார்க்க முடிகிறதா?

தோவாளைப் பூக்கடை | பத்தாம் நாள்

கடைக்குட்டி நேற்று மாலை இறந்துவிட்டது. ஏழாம் நாள் 218, எட்டாம் நாளும் 218, நேற்றுக் காலை 209. எடை நின்றவுடனே கொண்டு போயிருக்க வேண்டும். எட்டாம் நாள் முகூர்த்தப் பூ வேலையில் ஒருநாள் தள்ளிப்போட்டேன். மருந்தகத்தில் பார்த்தபோது நுரையீரலில் சளி கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். முதல் நாள் நான் கரண்டியால் புகட்டிய பாலின் வினையாக இருக்கலாம். தோட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம்.

கோவில்பட்டி அண்ணாச்சி கேட்டதற்கு என் விடை இது. கடைக்குட்டிக்காக வாங்கிய வெப்பமானியால்தான் பெட்டி 24 டிகிரியில் இருந்ததையே அறிந்தேன். மற்ற ஐந்துக்கும் அந்தக் கவனம் குறையவில்லை. கடைக்குட்டியால்தான் அவற்றுக்கும் அது கிடைத்தது.

தக்கலைவாசி | பத்தாம் நாள்

தம்பி, பிறக்கும்போதே மற்றவற்றில் மூன்றில் இரண்டு பங்கு எடையுடன் பிறந்த குட்டிக்குச் சேமிப்பு மிகக் குறைவு. ஆறு நாட்கள் சூட்டிலும் பசியில்லாமலும் அது உங்கள் கையில் இருந்தது.

கால்நடை மருத்துவர், நாகர்கோவில் | பன்னிரண்டாம் நாள்

கண்கள் இப்போது திறக்கத் தொடங்கியிருக்கும். பத்திலிருந்து பதினாறாம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் திறக்கும், விரலால் பிரிக்காதீர்கள். மூடிய இமைக்கு அடியில் வீக்கமோ சீழோ இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். காது அதற்குச் சில நாட்கள் கழித்துத் திறக்கும்.

பதினான்காம் நாள் முதல் குடற்புழு மருந்து. புழு மண்ணிலிருந்துதானே வரும், பெட்டியைவிட்டு இறங்காத குட்டிக்கு எதற்கு என்று பலர் கேட்பார்கள். உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் சென்றுவிடும். கொக்கிப்புழு பாலின் வழியாகப் போகும். இரண்டு வாரத்துக்கொருமுறை, எட்டு வாரம் வரை, எடைக்குத் தக்க அளவில் கொடுக்க வேண்டும். தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் குட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்யுங்கள். அந்த உருண்டைப்புழுவின் முட்டை மனிதருக்கும் தீங்கு செய்யும்.

இனிக் குட்டியைவிடத் தாயை அதிகமாகப் பாருங்கள். இரண்டாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையே பால் உச்சத்தில் சுரக்கும். அப்போது இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து திடீரென்று குறைந்துவிடலாம். சிறிய இன நாய்களில்தான் இது மிகுதி. ஆயினும் எல்லா இனத்திலும் நான் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் இருக்க மாட்டாள், குட்டிகளை விட்டு எழுந்து எழுந்து நடப்பாள், வாயைத் திறந்து இளைப்பாள், பின்னங்கால் விறைத்து மரக்கால்போல் நடப்பாள், உடல் நடுங்கும். இவற்றில் இரண்டு தெரிந்தாலே வண்டியை எடுங்கள்; மணிக்கணக்கில் உயிர் போகும் நோய் அது. கருவுற்றிருந்தபோது கால்சியம் மருந்து கொடுத்தீர்களா?

தோவாளைப் பூக்கடை | பன்னிரண்டாம் நாள்

ஆம் ஐயா. சினைப்பட்டது தெரிந்த நாளிலிருந்து தினமும் இரண்டு வேளை கொடுத்தேன். எலும்பு உறுதியாகும் என்று சொன்னார்கள்.

கால்நடை மருத்துவர், நாகர்கோவில் | பன்னிரண்டாம் நாள்

அப்படியானால் இன்னும் கூர்ந்து பாருங்கள். சினைக்காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து அதை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும் உடலின் ஏற்பாடு சோம்பிப் போய்விடும். பால் சுரக்கும் நாளில் திடீரென்று தேவை கூடும்போது அது விழித்துக்கொள்ளத் தாமதமாகும். நன்மை என்று நினைத்துச் செய்யப்படும் கெடுதல்களில் இதைத்தான் நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

தோவாளைப் பூக்கடை | இருபதாம் நாள்

நேற்று இரவு ஒன்பது மணிக்கு அவள் படுக்கையை விட்டு எழுந்து கதவுக்கும் பெட்டிக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தாள். காற்றால் மிரள்கிறாள் என்று என் தகப்பனார் நினைத்தார். நான் பின்னங்கால்களைப் பார்த்தேன். மடக்காமல் எடுத்து வைத்தாள். இந்த இழையில் எழுதியிருந்தது அப்படியே கண்முன் நடந்தது. பத்தேகாலுக்கு மருத்துவரிடம் சேர்த்துவிட்டோம். உடல் வெப்பம் 40.6 இருந்தது. நரம்பு வழியாகக் கால்சியத்தை மிக மெதுவாக ஏற்றினார். ஒரு கையால் ஊசியை அழுத்திக்கொண்டே மறுகையால் நெஞ்சில் குழலை வைத்து இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று சொன்னார். அரைமணி நேரத்தில் நடுக்கம் நின்று எழுந்து உட்கார்ந்தாள்.

ஒருநாள் முழுவதும் குட்டிகளைத் தாயிடம் விடக் கூடாது என்று உத்தரவு. ஐந்து குட்டிகளுக்கும் கடைக்குட்டிக்காக வாங்கிய பால்மாவைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ரப்பர் தோட்டம், குலசேகரம் | இருபத்தொன்றாம் நாள்

தம்பி, படித்துவிட்டு நெஞ்சு பதறியது. எங்கள் தோட்டத்தில் ஒரு பட்டி இதே கோலத்தில் துடித்துச் செத்தபோது பாம்பு தீண்டியது என்று நினைத்துவிட்டோம். அப்போது அதற்குக் குட்டிகள் பிறந்து மூன்று வாரம்.

இனித் திட உணவு கொடுக்க வேண்டிய நாள் அல்லவா? எங்கள் பக்கம் மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கை அவித்து மசித்து மீன் குழம்போடு வைப்பார்கள்.

கால்நடை மருத்துவர், நாகர்கோவில் | இருபத்தொன்றாம் நாள்

மரச்சீனி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. புளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பு குட்டிக்கு ஆகவே ஆகாது. குட்டிகளுக்கென்று விற்கும் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுப்பது எளிது. வீட்டுச் சாப்பாடுதான் என்றால், குழைய வடித்த சோற்றோடு, உப்பு மசாலா இல்லாமல் அவித்து முள் முழுவதும் எடுத்த சாளை மீனையும் வெந்த முட்டையையும் பிசைந்து கொடுக்கலாம். ஆனால் வளரும் குட்டிக்குச் சோறும் மீனும் மட்டும் நீண்டநாள் போதாது; சத்து விகிதத்தை ஒரு மருத்துவரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். தட்டையான தாம்பாளத்தில் ஒரு விரற்கடை உயரம் மட்டும் வையுங்கள். முதல் நாள் அதற்குள் நடந்து விளையாடும். நாலாம் நாள் உண்ணும். தாய்க்கு நோய் வந்திருப்பதால் நீங்கள் மூன்றரை வாரத்திலேயே இதை விரைவுபடுத்த வேண்டும். தாய்க்கு வழக்கமான உணவைப்போல் இரண்டு மூன்று மடங்கு, நாலு வேளையாகப் பிரித்து, தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில்.

புதிய உறுப்பினர் | இருபத்தெட்டாம் நாள்

எனக்கு ஒரு கடுவன் குட்டி வேண்டும். மலையடிவாரத்தில் தோட்டம் இருக்கிறது. முயலுக்கும் பன்றிக்கும் பழக்க வேண்டும். முப்பதாம் நாளே எடுத்தால்தான் நம் கைக்குப் பழகும் என்கிறார்கள். இந்த வாரம் வரலாமா?

தோவாளைப் பூக்கடை | இருபத்தெட்டாம் நாள்

மன்னிக்க வேண்டும். வேட்டைக்குக் கொடுக்க மாட்டேன். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முயலுக்கும் பொருந்தும். நாய் பிடித்தாலும் குற்றம் நம்முடையது. ஓடுவதற்குப் பிறந்த நாய்க்குச் சுற்றுவேலியுள்ள தோப்பும் காலை மாலை ஓட்டமும் போதும்.

முப்பதாம் நாள் கொடுப்பதும் இல்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் இனவிருத்தி விதிகளிலேயே இருக்கிறது.

கோவில்பட்டி வழி | இருபத்தொன்பதாம் நாள்

தம்பி சொன்னதற்குக் காரணத்தையும் சேர்க்கிறேன். நான்காம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை குட்டி கற்றுக்கொள்வது உடன்பிறந்தவற்றிடமிருந்துதான். ஒன்று மற்றதன் காதை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்ற அளவு அப்படித்தான் தெரியவரும். முன்னதாகப் பிரித்த குட்டிகள் வளர்ந்த பிறகு பிள்ளைகளின் கையைக் கவ்வுவதைப் பார்த்திருக்கிறேன். நம் கைக்குப் பழகுவதற்கு எட்டாம் வாரத்திலும் காலம் கடந்துவிடவில்லை.

கன்னி இயல்பிலேயே கூச்சம் மிகுந்த நாய். அதனால் தாயோடு இருக்கும்போதே, மூன்றாம் வாரம் முதல், தினமும் சில நிமிடம் வெவ்வேறு ஆட்கள் கையில் எடுக்க வேண்டும். குக்கர் விசில், மோட்டார், கோயில் மேளம், சாக்குப்பை உதறும் ஓசை எல்லாம் தூரத்திலிருந்து கேட்கட்டும். இருட்டறையில் அடைத்து வளர்த்தால் வேட்டைக் குணம் கூடும் என்று எங்கள் ஊரில் நம்பினார்கள், கூடியது அச்சம்தான்.

தக்கலைவாசி | முப்பதாம் நாள்

குட்டி பார்க்க வருபவர்களை வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கை கழுவச் சொல்லுங்கள் தம்பி. குட்டிகளுக்குக் கொடிய கழிச்சலைத் தரும் பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆறாம் வாரத்துக்குப் பிறகு குறையத் தொடங்கிவிடும். ஊசி முழுமையாக வேலை செய்யும்வரை உள்ள இடைவெளியில்தான் குட்டிகள் சாகின்றன. ஒரு வாரத்தில் நாலு குட்டிகளை அப்படிப் பறிகொடுத்த வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

தோவாளைப் பூக்கடை | ஐம்பத்தெட்டாம் நாள்

ஐந்து குட்டிகளுக்கும் நாற்பத்தைந்தாம் நாளில் முதல் தடுப்பூசி போட்டாயிற்று. குடற்புழு மருந்து நான்கு முறையும் முடிந்தது. தாய் தேறிவிட்டாள், விலா எலும்பு இன்னும் சற்றுத் தெரிகிறது. அடுத்த ஈற்றைப் பற்றி இப்போது நினைக்கவில்லை.

நேற்று மூன்று குட்டிகள் புது வீட்டுக்குப் போயின. ஒன்றைக் குலசேகரம் அண்ணன் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றோடும் அன்றாட எடைக் குறிப்பின் நகல், ஊசி அட்டை, இரண்டு வாரத்துக்கு வேண்டிய தீனி, தாய் படுத்திருந்த வேட்டியில் கிழித்த ஒரு துண்டு ஆகியவற்றைக் கொடுத்தேன். மீதி இரண்டும் இங்கேயே இருக்கும், இரண்டும் பெட்டைகள்.

எடுத்துச் சென்றவர்கள் மூவரும் இந்த இழையைப் படிக்கிறார்கள் என்பதால் இங்கேயே நினைவூட்டுகிறேன். இரண்டாவது ஊசி அட்டையில் குறித்த நாளில், அதன் பிறகு பதினாறாம் வாரம் முடியும்வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், மூன்றாம் மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. அதுவரை தெருவில் இறக்க வேண்டாம். வாரம் ஒருமுறை எடையை நிறுத்து இங்கே எழுதுங்கள். என் குறிப்பேட்டில் அந்தப் பக்கங்களைத் தனியாக விட்டு வைத்திருக்கிறேன்.

ரப்பர் தோட்டம், குலசேகரம் | ஐம்பத்தொன்பதாம் நாள்

4 கிலோ 150 கிராம். இரவு இரண்டு முறை அழுதது. வேட்டித் துண்டைப் பக்கத்தில் வைத்ததும் படுத்துக்கொண்டது. புகைப்புரையிலிருந்து தொலைவில், தெற்குத் திண்ணையில் இடம் போட்டிருக்கிறேன்.